சுவர் எழுப்பியவர் பெயர் என்ன?

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, அரங்கைக் கட்டணம் வாங்காமல் தந்த நூலகர் அம்மையார் அவர்களே, நான் பேச வேண்டியதில் பாதியை வரவேற்புரையிலேயே பேசி என் சுமையைக் குறைத்த செயலாளர் அவர்களே, வேறொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும் "அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறேன்" என்று அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நாதஸ்வர வித்வான் ஐயா அவர்களே, மெல்லிசைக் குழுக் கலைஞர்களே, மைக் செட் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் விட்டுப்போவதைப் பற்றித்தான் இன்று பேச்சே, அதை நானே செய்யக் கூடாது.

தலைப்பு பேஸ் கிட்டார், பாட்டின் அடிச்சுரங்களை வாசிக்கிற கிட்டார். விரல், ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங்கின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற பிக்கப், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் என்று நான்கு செய்திகளும், கடைசியில் ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். நம் பாட்டிமார் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கு இந்தப் பழமொழியை வைத்திருந்தார்கள். பாட்டுக்கும் அது அப்படியே பொருந்தும். பாடகர் குரலும் வயலினும் புல்லாங்குழலும் சித்திரம். அடியில் நிற்கிற சுவர் பேஸ். நாதஸ்வர ஐயாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் பக்கத்தில் ஒரு காலத்தில் ஒத்து ஊதுகிறவர் இருந்தார். கச்சேரி முழுக்க ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு நம் மொழி என்ன மரியாதை செய்தது? "அவனுக்கு இவன் ஒத்து ஊதுகிறான்" என்று வசவாக்கி வைத்தது. தாங்கிப் பிடிக்கிறவனுக்கு நாம் கொடுத்த விருது அது.

செய்திக்கு வருகிறேன். பேஸ் கிட்டாரில் நாலு ஸ்ட்ரிங். தடித்த ஈ ஸ்ட்ரிங்கை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு, அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்து ஏ 55, டி 73, ஜி 98. உங்கள் கைப்பேசி ஸ்பீக்கரில் அந்த 41 வெளியே வரவே வராது. பின் எப்படிக் கேட்கிறது? 82, 123 என்று அதன் மேலே அடுக்கடுக்காக வருகிற மேற்சுரங்களைப் பிடித்து, அடிச்சுரம் இன்னதென்று காது தானே ஊகித்துக்கொள்கிறது. மைக் செட் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். பேஸ் என்றதும் கீழ்ச்சுரக் குமிழை முழுக்கத் திருகி, மேல்சுரக் குமிழையும் ஏற்றி, நடுவில் பள்ளம் தோண்டுகிறீர்கள். தனியாகக் கேட்டால் அமர்க்களமாக இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் காணாமல் போய்விடும். அது வாழ்கிற இடம் 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை, நீங்கள் பள்ளம் தோண்டுகிற அதே இடம். நடுவை விட்டுவையுங்கள். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே இருப்பது மேடை அதிர்வும் காலடிச் சத்தமும்தான்.

விரல். டோன், அதாவது சத்தத்தின் குணம், அதில் பெரும்பங்கு காசு கொடுத்து வாங்குவதல்ல. அதே கிட்டார், அதே குமிழ்கள். கழுத்து முடிகிற இடத்தில் மீட்டினால் உருண்டையான சத்தம். ஸ்ட்ரிங்கின் அடிநுனியைத் தாங்குகிற பிரிட்ஜ் பக்கம் கையைக் கொண்டுபோனால் மூக்கடைத்த மாதிரி கறாரான சத்தம். நாலு அங்குல நகர்வில் இரண்டு கருவி கிடைத்துவிடுகிறது. இடது கை விரல், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுந்த வேண்டும். நடுவில் அழுத்தினால் கரகரக்கும், தேவைக்கு மேல் நெரித்தால் சுருதி ஏறும். வாசிக்காத ஸ்ட்ரிங்கை ஏதாவது ஒரு விரல் தொட்டு அடக்கி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது கூடவே முனகிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் பழகாமல் கடையில் போய்ச் சத்தத்தை மாற்றுகிற இன்னொரு பெடல் வாங்குகிறவரைப் பற்றி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்கள்.

விரல் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்து, டெட்ராய்ட் நகரத்துக்கு வந்து, முதலில் நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸ் பழகியவர். பிறகு மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் கூலிக்கு வாசித்தார். அவர் கருவி 1962ஆம் வருடத்து ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் என்ற பேஸ் கிட்டார். லா பெல்லா கம்பெனியின் தட்டையாகச் சுற்றிய தடித்த ஸ்ட்ரிங், மெல்லியது .052 அங்குலம், தடித்தது .110. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். மீட்ட ஒரே ஒரு விரல், வலது ஆள்காட்டி விரல். டெட்ராய்ட்காரர்கள் அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். பிரிட்ஜ் மூடிக்கு உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்சு. ஒலிப்பதிவில் அவருக்கு முன்னால் ஆம்ப் கிடையாது, வயர் நேராக மிக்ஸிங் மேசைக்குப் போகும்.

அந்த ஸ்பாஞ்சை இன்று ராத்திரியே நீங்கள் செய்து பார்க்கலாம். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சில் சொரசொரப்பான பச்சைப் பக்கத்தை உரித்து எறியுங்கள். இரண்டரை அங்குல நீளம், முக்கால் அங்குல அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜை ஒட்டி நாலு ஸ்ட்ரிங்குக்கும் அடியில் செருகுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. தூக்கினால் சுருதி ஏறிவிடும். 'தொம்' என்று விழுந்து அடுத்த அடிக்குள் அடங்க வேண்டும். கட்டையில் தட்டிய மாதிரி 'டக்' என்று செத்துப்போனால் ஸ்பாஞ்சு உயரம் அதிகம், பிளேடால் ஒரு சீவு சீவுங்கள்.

இப்போது கதை. 1970ஆம் வருடம். மார்வின் கே என்ற பாடகர் ஒரு பாட்டு வைத்திருக்கிறார். பதிவுக்கு ஜேமர்சன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆளைக் காணோம். வீட்டில் இல்லை. சரி, ராத்திரி நேரத்தில் வாத்தியக்காரன் எங்கே இருப்பான்? கிளப் கிளப்பாகத் தேடுகிறார்கள். கடைசியில் ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருக்கிறார். "வாய்யா" என்று கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தால், மனிதர் நல்ல போதை. ஸ்டூலில் உட்கார வைக்கிறார்கள், சரிகிறார். நிமிர்த்தி வைக்கிறார்கள், மறுபடி சரிகிறார். யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? "போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு நாளைக்கு வா" என்றிருப்பார்கள். இவர் படுத்தார், தூங்கவில்லை. ஸ்டூடியோத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கிட்டாரை நெஞ்சில் சாத்திக்கொண்டு, அந்தக் கொக்கி விரலால் வாசித்தார். இது டெட்ராய்ட்டில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. கொஞ்சம் கூட்டிக் குறைத்திருப்பார்கள், நானும் இரண்டு வரி கூட்டியிருப்பேன். ஆனால் ஒலிப்பதிவு பொய் சொல்லாது. 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டை எடுத்து ஹெட்போனில் கேளுங்கள். நிற்க முடியாதவன் போட்ட சுவர் எப்படி நிற்கிறது என்று தெரியும்.

அடுத்த வருடம் அதே பெயரில் ஆல்பம் வந்தது. அட்டையில் 'ஒப்பற்ற ஜேம்ஸ் ஜேமர்சன்' என்று போட்டார்கள். கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். மோடவுன் தட்டுகளில் அவர் பெயர் வந்தது அப்போதுதான் முதல் முறை. அதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேலாக உலகமே அவர் விரலுக்கு ஆடிக்கொண்டிருந்தது, அட்டையில் மட்டும் அவர் இல்லை. 1983 மார்ச்சில் அந்தக் கம்பெனி வெள்ளிவிழா எடுத்தது. ஜேமர்சனுக்கு அழைப்பு வரவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு ரசிகர்களோடு உட்கார்ந்து பார்த்தார் என்கிறார்கள். ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 47. சாவதற்குச் சில நாள் முன்பு அந்த 1962 பிரிசிஷனும் திருடு போனது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். சித்திரக்காரருக்கு மாலை விழுந்த மேடையில் சுவர்க்காரர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்.

கரோல் கே அம்மையாரையும் சொல்ல வேண்டும். 1935இல் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் கொடிகட்டிப் பறந்தவர். மீட்ட விரல் இல்லை, பிக் என்கிற சின்னத் தகடு. ஸ்ட்ரிங்குக்கு மேலே பிரிட்ஜ் பக்கம் ஒரு கம்பளித் துண்டை வைத்து அடக்குவார். கட்டைவிரலால் தட்டி, மற்ற விரலால் வெடுக்கென்று இழுக்கிற 'ஸ்லாப்' பாணி லேரி கிரஹாம் என்ற இன்னொரு பேஸ் கலைஞர் கொண்டுவந்தது. கிரஹாம் தன் தாயாரோடு வாசித்த சின்னக் குழுவில் டிரம்ஸ்காரர் இல்லாமல் போனார். தட்டுவது காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கு ஈடு, இழுப்பது குச்சியால் அடிக்கிற ஸ்னேர் டிரம்முக்கு ஈடு. இல்லாமையில் பிறந்த பாணி.

ஸ்ட்ரிங் பற்றி இரண்டே வார்த்தை. தட்டைச் சுற்று வாங்கினால் வருடக்கணக்கில் வரும், சத்தம் உருளும். உருண்டைச் சுற்று பளபளவென்று பேசும், வியர்வையில் சீக்கிரம் மங்கும். வாசித்ததும் பனியன் துணியால் துடைத்து வையுங்கள். ஃப்ரெட்டைப் பிடுங்கிய கிட்டாரில் உருண்டைச் சுற்று போட்டால் அது அரம் மாதிரி மரத்தை அராவிவிடும். ஜாகோ பாஸ்டோரியஸ் என்ற பேஸ் கலைஞர் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ் கிட்டாரில் ஃப்ரெட்டுகளை எடுத்துவிட்டுப் பள்ளங்களில் மரவேலைக்கான புட்டி அடைத்து, அதற்கு மேல் படகுக்குப் பூசுகிற, கெட்டியாக இறுகும் எபாக்ஸியைப் பூசியது அதனால்தான்.

பிக்கப். ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதற்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், தடித்த பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் இரண்டரை இருக்க வேண்டும். சத்தம் கூடட்டும் என்று ஸ்குரூவைத் திருகி ஒட்டக் கொண்டுவந்தால், காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்துச் சுரம் அலைபாயும். அதற்குப் பிறகு எத்தனை முறை டியூன் செய்தாலும் சேராது. பாவம், பழி டியூனிங் குமிழுக்குப் போகும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப் குமிழும் முழுக்கத் திறந்திருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று மண்டப கரண்ட் பேச ஆரம்பிக்கும். அதற்கு வைத்தியம் என்று யாராவது பிளக்கின் எர்த் பின்னை ஒடித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மைக்கில் வாய் வைக்கிறவர் உயிர் அது. பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் வைத்திருக்கிறவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் கிட்டாரில் செருகிய வயரின் ஜாக்கைப் பிடுங்கி வையுங்கள். ஜாக் செருகியிருக்கிற வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும், அடுத்த மேடையில் மூன்றாவது பாட்டில் சத்தம் கிழியும்.

செயலாளர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "ஐந்து நிமிடம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். ஆகவே ஆம்ப் இன்னொரு நாள். லீட் கிட்டார் ஆம்பில் மட்டும் பேஸைச் செருகாதீர்கள், ஸ்பீக்கர் காகிதம் கிழிந்துவிடலாம். கோரிக்கைக்குப் போகிறேன்.

இளையராஜா பேஸ் பகுதியையும் நோட்டேஷனாக எழுதிக் கொடுப்பவர். டீக்கடையில் பாட்டு ஓடும்போது வரியை முணுமுணுக்காமல் பேஸை முணுமுணுக்கிற கூட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறதென்றால் காரணம் அவர். அவற்றை வாசித்த விரல்களில் சசிதரன் விரலை எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் அட்டையில் படம், இசை, பாடியவர், பாடல் வரி. முடிந்தது. ஏ. ஆர். ரஹ்மான் வாத்தியக் கலைஞர்கள் பெயரை அட்டையில் போட்டபோதுதான் கீத் பீட்டர்ஸ் என்று ஒரு பேஸ் கலைஞர் இருப்பது வெளியே தெரிந்தது. இன்று அட்டையே இல்லை. செயலியில் பாட்டைத் திறந்தால் பெரும்பாலும் பாடியவரும் இசையமைப்பாளரும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் 38பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. நிகழ்த்தியவர் தன்னை அந்த நிகழ்த்தலின் கலைஞர் என்று அடையாளம் காட்டக் கோரலாம். ஆனால் கலைஞர் யார் என்று வரையறுக்கிற இடத்தில் சினிமாவுக்கு ஒரு ஓட்டை வைத்தார்கள். பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கத்தில் அப்படிப்பட்டவர் பெயர் எங்கும் போடுவதில்லை என்றால், பெயர் கேட்கிற உரிமைக்கு அவர் கலைஞரே அல்ல. கவனியுங்கள், போடாத வழக்கமே போடாமல் இருக்க நியாயமாகிறது! ஒரு பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை தாங்குகிறவர் தற்செயலா? சுவர் தற்செயலா? சுவர் இருந்தால்தான் ஐயா சித்திரம்!

சட்டத்தைத் திருத்த நாளாகும். நம் கையில் இருப்பதைச் செய்யலாம். மெல்லிசை மேடையில் அறிவிப்பாளர் பாடகரைச் சொன்ன மூச்சிலேயே பேஸ், டிரம்ஸ், தபேலா, கீபோர்டு யார் என்று சொல்லட்டும். யூடியூபில் ஏற்றும்போது விவரத்தில் வாத்தியம், கலைஞர் பெயர், பதிவான தேதி என்று மூன்று வரி போடுங்கள். ஸ்டூடியோ வைத்திருக்கிறவர்கள் ஒரு நோட்டு வைத்து அன்றன்றைக்கே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பாட்டு வெளியிடும் நிறுவனங்களுக்கு இதே கோரிக்கையை வைத்து எழுதிய மனு வாசலில் மேசையில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த வாத்தியக்காரர் ஒருவர் பெயரையும், அவர் வாசித்த பாட்டையும் அதில் எழுதுங்கள். வார்டு உறுப்பினர் அவர்கள் கிளம்பும் முன் முதல் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பேனா இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், மேசைக் காலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. வணக்கம்.