அகலாத சாலையில் அகலும் வண்டி

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தக்கலையில் இந்த மாலை வேளையில் திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

“கார்கள் பெரிதாகிக்கொண்டே போவது முன்னேற்றமா, சமூகத்துக்குச் சுமையா?” என்பது இன்றைய தலைப்பு. சுமையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

“வளைகுடா வெயிலில் உழைத்தவன் ஊருக்கு வந்து பெரிய வண்டி வாங்கினால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். உழைத்தவர் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர் பணம், அவர் விருப்பம். ஆனால் அந்த வண்டி ஓடும் சாலை ஊருக்குப் பொது. வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அளந்தே பார்த்துவிடலாம், நடுவர் அவர்களே. ஒற்றைத் தடச் சாலைக்கு இந்தியாவில் வகுத்திருக்கும் அகலம் 3.75 மீட்டர். 1983 டிசம்பரில் நாட்டுக்கு அறிமுகமான மாருதி 800 வரிசைக் காரின் அகலம் ஏறத்தாழ 1.44 மீட்டர். அப்படி இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் 2.88 மீட்டர் போக, முக்கால் மீட்டருக்கு மேல் மிஞ்சும். இன்றைய ஸ்கார்ப்பியோ-என் 1.917 மீட்டர் அகலம். இரண்டு சேர்ந்தால் 3.83 மீட்டர். பக்கக் கண்ணாடிகளைக் கணக்கில் சேர்க்கும் முன்பே தார் தீர்ந்துவிடுகிறது!

தார் தீர்ந்த இடத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன இருக்கிறது? கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் எத்தனையோ சாலைகளில் ஒரு பக்கம் கையாலைச் சுவர், மறுபக்கம் கால்வாய். பள்ளி விடும் நேரத்தில் அங்கே போய் நின்று பாருங்கள். எதிரே பெரிய வண்டி ஒன்று வந்ததும் சைக்கிளில் வரும் சிறுமி இறங்கிவிடுகிறாள். சைக்கிளைக் கையாலையோடு சாய்த்து, புத்தகப் பை ஈரமண்ணில் உரச, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டி நிற்கிறாள். அவள் செருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சக்கரம் போகிறது. ஓட்டுகிறவர் கெட்டவர் அல்ல. மெதுவாகத்தான் போகிறார், நன்றியாகக் கையும் காட்டுகிறார். ஏழு பேர் அமரக்கூடிய அந்த வண்டிக்குள் அவர் ஒருவர்தான் இருக்கிறார். அந்தச் சிறுமி விட்டுக்கொடுத்த இடத்துக்கு என்ன விலை? எந்த விலைப்பட்டியலில் அது ஏறியிருக்கிறது?

சாலையை அகலப்படுத்தலாமே என்பார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. அகலப்படுத்தினால் யாரோ ஒருவருடைய கிணறும் பலாமரமும் முற்றமும் போகும். அவருக்குக் கார் இருக்குமா என்பதே சந்தேகம்.

“குடும்பத்தோடு போகப் பெரிய வண்டி வேண்டும்” என்றார் எதிரணிச் சகோதரி. அம்மா, நம் வீடுகள் சுருங்கிவிட்டன. பிள்ளைகள் இருவர், அதில் ஒருவர் வெளிநாட்டில். குடும்பம் சிறுக்கச் சிறுக்க வண்டி பெருக்கிறதென்றால் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

சட்டத்தில் தேடுங்கள், கிடைக்கும். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் போட்டது. கார்களுக்குக் கடுமையான அளவு வந்தது, சிறு லாரிகளுக்குத் தளர்வு கிடைத்தது. நிறுவனங்கள் என்ன செய்தன? லாரி வகையிலேயே குடும்பத்துக்கான இருக்கைகளைப் போட்டு விற்றன. ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபமும் அதில்தான் அதிகம். இங்கே 2006 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய எஞ்சின் கார்களுக்கு வரிச்சலுகை கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அளந்தது நீளத்தையும் எஞ்சினையும் மட்டுமே. அகலத்தையும் உயரத்தையும் யாரும் அளக்கவில்லை. அந்த இரண்டு பக்கமும் வண்டி வளர்ந்தது. நம் எரிபொருள் விதியும் எடையைப் பார்த்துத்தான் இலக்கு வைக்கிறது. கனமான வண்டிகளை விற்கும் நிறுவனத்துக்குத் தளர்வான இலக்கு! 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததை வரவேற்கிறேன். அதே நாளில் பெரிய எஸ்யூவிகளின் மொத்த வரியும் 50-லிருந்து 40 சதவீதமாக இறங்கியதே, அது எந்த ஏழைக்காக?

இனி, எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். “பெரிய வண்டியில் என் பிள்ளைக்குப் பாதுகாப்பு.” ஒரு தாயின் மனம் அது, மதிக்கிறேன். ஆனால் வண்டிக்கு வெளியே இருக்கும் பிள்ளை? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதிகாலையில் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவரும், குளச்சலிலிருந்து மீன் பாத்திரத்தோடு கிளம்பும் அம்மாவும் இந்த வகையில்தான் வருகிறார்கள். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: வண்டியின் முன்முகப்பு ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள காரைவிட, மோதப்பட்ட பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த முகப்பு பெரியவர்களின் காலில் படும். உயர்ந்த முகப்பு நெஞ்சில் அடிக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது தலை. மோதியபின் பானெட் மேல் உருளக்கூட வழியில்லாமல் சக்கரத்தின் பக்கம் தள்ளிவிடும்.

இந்தப் பயம் தொற்றிக்கொள்கிறது, நடுவர் அவர்களே. அடுத்த வீட்டுக்காரர் பெரியது வாங்கினால் என் சிறிய கார் எனக்கே ஆபத்தாகத் தெரிகிறது. நானும் கடன் வாங்கிப் பெரியதற்கு மாறுகிறேன். இரண்டு வீடும் பழைய நிலைக்கே வந்து நிற்கிறோம். ஸ்கூட்டரில் போகிறவர் மட்டும் முன்னைவிடப் பலவீனமாகிவிட்டார். மின்சார வண்டி வந்தால் தீரும் என்கிறார்கள். புகை குறையும், பேட்டரியின் எடையும் வண்டியின் அகலமும் எங்கே போகும்?

கீரிப்பாறையிலும் கோதையாற்றிலும் மலைப்பாதை ஏறும் ஜீப்பை நான் குறை சொல்லவில்லை. நாள்தோறும் எட்டுப் பேரை ஏற்றிப் பிழைக்கும் வாடகை வண்டியையும் சொல்லவில்லை. அங்கே தேவை இருக்கிறது. வடசேரிக்குக் காய்கறி வாங்க ஒருவர் இரண்டு டன் இரும்பை ஓட்டி வந்து பாதிச் சாலையில் நிறுத்துவதையும், பின்னால் அரசுப் பேருந்தில் ஐம்பது பேர் காத்திருப்பதையும்தான் சொல்கிறேன்.

பாரீஸ் மக்கள் 2024 பிப்ரவரி 4 அன்று வாக்களித்து, வெளியூரிலிருந்து வரும் கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ. நாகர்கோவில் மாநகராட்சி மணிமேடையைச் சுற்றியும் வடசேரியிலும் எடையையும் அகலத்தையும் பார்த்துக் கட்டணம் வாங்கட்டும். அந்தப் பணத்தில் பள்ளிச் சாலைகளுக்கு நடைபாதை போடட்டும். விலையை மட்டும் பார்த்து வாழ்நாள் வரி வாங்கும் தமிழ்நாடு அரசு, எடையையும் முகப்பின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும். தீர்ப்பு வழங்கும்போது இந்த இரண்டு கோரிக்கைகளையும் இந்த மேடையின் கோரிக்கைகளாக அறிவிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.