டிஸ்க் ரோசாக் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். மடிக்கணினியின் மதர்போர்டு போய்விட்டது. உள்ளே இருந்த எஸ்எஸ்டி, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க், மட்டும் நல்லபடியாக இருக்கிறது, அதில் லினக்ஸ். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் செகண்ட் ஹேண்டாக இன்னொன்று வாங்கி, இந்த எஸ்எஸ்டியை அதில் மாட்டினால் ஓடுமா? என்னிடம் பலரும் கேட்பது இது. பெரும்பாலும் ஓடும்.

லினக்ஸில் வன்பொருளை இயக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை அதன் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கெர்னல் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று புதிதாகப் பார்த்து, வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். நேற்று ஏஎம்டி செயலி, இன்று இன்டெல் செயலி என்றால் அதற்கு ஒன்றுமில்லை.

அப்புறம் ஏன் சிலருக்கு "நோ பூட் டிவைஸ்" என்று வருகிறது? உடனே பக்கத்து வீட்டுப் பையன், "டிஸ்க் ரோசாக் (கெட்டுப்போச்சு), ஃபார்மட் பண்ணிடலாம் அங்கிள்" என்பான். தயவுசெய்து விடாதீர்கள். எந்தக் கோப்பைத் திறந்து லினக்ஸை எழுப்ப வேண்டும் என்ற குறிப்பு டிஸ்கில் இல்லை. கணினியை எழுப்பும் இன்றைய யூஇஎஃப்ஐ முறையில் அது மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். டிஸ்கைக் கழற்றினால் அந்தக் குறிப்பு கூடவே வராது. புதிய போர்டுக்கு அது தெரியாததால், டிஸ்கின் ஈஎஃப்ஐ பகுதியில் 'பூட்' கோப்புறைக்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். லினக்ஸ் வகைகளில் உபுண்டு வழக்கமாக அங்கேயும் ஒரு பிரதி வைத்துவிடும். டெபியன் நாம் கேட்டால்தான் வைக்கும். பயாஸ் அமைப்பிலேயே அந்தக் கோப்பைக் கைகாட்டிவிட வசதியுள்ள மாடல்களும் உண்டு. இல்லாவிட்டால் லைவ் யூஎஸ்பியில் (லினக்ஸை நேரடியாக ஓட்டும் பென்டிரைவ்) இயக்கி, லினக்ஸை எழுப்பும் நிரலான கிரப்பை மறுபடி நிறுவினால் போதும். உங்கள் படங்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும்.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் தொடக்கக் கோப்பில் பழைய கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும்தான் இருக்கும். பாதியில் நின்றால் பூட் மெனுவில் 'ரெஸ்கியூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் எல்லாம் உண்டு.

பழைய கணினியில் என்விடியா கிராபிக்ஸ் அட்டைக்கு அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவர் போட்டிருந்தால் திரை கறுப்பாகவே நிற்கலாம். பழைய கணினி இன்னும் ஓடினால், கழற்றும் முன்பே நீக்கிவிடுவது நல்லது. நெட்வொர்க் அட்டையின் பெயரும் மாறலாம். மாறினால், நிலையான ஐபி முகவரி கொடுத்தவர்கள் அதைத் திருத்த வேண்டும்.

வாங்கும்போதே, எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளை எந்த வகையை ஏற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாட்டா, என்விஎம்இ என்ற இரு வகை எம்.2 எஸ்எஸ்டிகளும் ஒரே வடிவில் இருக்கும். சாட்டாவுக்கு வழக்கமாக இரண்டு வெட்டு, என்விஎம்இக்கு ஒன்று. துளையில் பொருந்தினாலும், அந்தப் போர்டு சாட்டாவை ஏற்காவிட்டால் டிஸ்கே தெரியாது. அதற்கும் பையன் ரோசாக் என்றுதான் சொல்வான்.

டிஸ்கைப் பூட்டி (என்கிரிப்ட் செய்து) வைத்திருக்கிறீர்களா? கடவுச்சொல்லால் பூட்டியிருந்தால் எந்தக் கணினியிலும் திறக்கலாம். மதர்போர்டில் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்போடு மட்டும் பிணைத்திருந்தால், சாவி பழைய போர்டிலேயே தங்கிவிடும். அந்தப் போர்டு உயிரோடு இருக்கும்போதே மீட்புச் சாவியை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.