வேட்டி கட்டிய தொலைநோக்கி

(ஜவ்வாது மலை அடிவாரத்துப் பள்ளி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்தி, அது தோளில் நிற்காமல் சரிந்தபோது தானே பிடித்துச் சரிசெய்த ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, மைதானத்து விளக்குகளை ஏழு மணிக்கே அணைத்துக் கொடுத்த மின்வாரிய நண்பரே (அவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள்; நான் கேட்டு விளக்கை அணைத்த முதல் மனிதர் அவர்தான்), வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் சம்மணமிட்டிருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வாழ்த்துரை சொன்ன ஐயா மலைமேல் இருக்கும் காவலூர் வானாய்வகத்தை நினைவுபடுத்தினார். 2.34 மீட்டர் ஆடி கொண்ட அங்குள்ள தொலைநோக்கிக்கு 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். என்னிடம் இருப்பது ஆறு அங்குல ஆடியும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும்தான். ஆனால் என் பாட்டி சொன்ன பழமொழி ஒன்று துணைக்கு இருக்கிறது: அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

ராத்திரி வானத்தைப் படம் எடுப்பது பற்றி இன்று ஐந்து செய்திகள் சொல்கிறேன். ஸ்டாக்கிங் (அதாவது படங்களை அடுக்குவது), படத்தைச் சுத்தம் செய்ய உதவும் டார்க், ஃபிளாட், பயஸ் என்ற மூன்று துணைப் படங்கள், அப்புறம் வண்ணக் கேமராவில் வானம் ஏன் பச்சையடிக்கிறது என்பது.

வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்குமே, அதற்குச் சற்றுத் தெற்கே மங்கலாக ஒரு புகை தெரியும். ஓரையன் நெபுலா, வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். 1,300 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. அதை 60 விநாடி ஒரே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ரவையைச் சிந்தியது போல எங்கும் புள்ளி புள்ளியாக இருக்கும். நெபுலா ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் நிற்கும். ரவைதான் படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில் விழும். இந்த ரவைக்குத்தான் இரைச்சல் என்று பெயர். நட்சத்திரங்களைப் பொருத்தி நாலு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும். நூறு படம் அடுக்கினால் பத்தில் ஒரு பங்கு. குறுக்கே ஓடிய செயற்கைக்கோளின் கோட்டை மென்பொருளே கண்டுபிடித்துத் தள்ளிவிடும். சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற இரண்டு மென்பொருள்களுமே இலவசம்தான். அடி மேல் அடி அடித்தால், பாருங்கள், அம்மி நகர்கிறது.

ஆனால் அடுக்குவதற்கு முன்னால் படத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். டார்க் என்பது தொலைநோக்கியை மூடி போட்டு மூடிவிட்டு எடுக்கும் படம். கேமரா தன் சூட்டில் தானாகப் போடும் புள்ளிகள் அதில் தெரியும்; அவற்றை நம் படத்திலிருந்து கழிக்கலாம். அதே விநாடி, அதே ஐஎஸ்ஓ (கேமராவின் உணர்திறன் அளவு), அதே வெப்பநிலை. மே மாதத்து டார்க்கை மார்கழிப் படத்துக்குப் போடாதீர்கள். வண்ணக் கேமராவில் வரிசை இன்னும் முக்கியம். கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் தெரியும். நாலு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். தெரியாத நிறத்தை மென்பொருள் அக்கம்பக்கத்தில் விசாரித்து நிரப்புகிறது. சூடேறிய பிக்சல் ஒன்று பொய் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பொய் நாலு வீட்டுக்கும் பரவிவிடும். அதனால் நிறம் நிரப்பும் முன்பே, கேமரா எதையும் மாற்றாமல் தந்த ரா கோப்பிலேயே, டார்க்கைக் கழித்துவிட வேண்டும். ஜேபெக் கோப்பில் இந்த வேலையெல்லாம் சரிப்படாது.

இனி ஃபிளாட். இதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஃபிளாட் என்பது சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம். அதில் நம் படத்தின் ஓர இருட்டும் தூசி நிழலும் அப்படியே பதிவாகும். அதை வைத்து நம் படத்தை வகுத்தால் இரண்டும் மறையும். சீரான வெளிச்சத்துக்கு எங்கே போவது? அப்பாவின் நாலு முழ வேட்டியை இரண்டாக மடித்துத் தொலைநோக்கியின் வாயில் கட்டி, விடியற்கால வானத்தைப் பார்க்க நிறுத்தினேன். பக்கத்து மாடிக்குத் துணி காயப்போட வந்த அக்கா, மூன்று காலில் வெள்ளை வேட்டி கட்டி நிற்கும் உருவத்தைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன தம்பி, மாடியிலேயே பிரதிஷ்டை பண்ணிட்டீங்களா?" நான் அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, சாமிக்கு என்ன நைவேத்தியம்?" என்றார்.

நைவேத்தியம் கணினியில் கிடைத்தது. பனி விழுகிறதே என்று ராத்திரி கேமராவைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்தேன். காலையில் காபி குடித்துவிட்டுத் திரும்ப மாட்டினேன், கொஞ்சம் திருகலாக. கேமராவுக்கு முன்னால் குழாய்க்குள் இருக்கும் கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தது. ஆடித் தொலைநோக்கியில் அதன் நிழல் நடுவில் ஓட்டையோடு விழும், அச்சு அசல் உளுந்து வடை. படத்தில் வடை ஓரிடம், ஃபிளாட்டில் வேறிடம். வகுத்துப் பார்த்தால் பழைய கருப்பு வடை போகவில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளை வடை. இரண்டு மணி நேர உழைப்புக்கு இரண்டு வடை! அக்காவிடம் காட்டினேன். "கேட்டேனே, போட்டுட்டாரே சாமி" என்றார். அன்றிலிருந்து ஃபிளாட் எடுத்து முடிக்கும்வரை கேமராவைத் தொடுவதில்லை, ஃபோகஸையும் அசைப்பதில்லை.

சரி, தூசிக்கு ஃபிளாட் இருக்கிறது, சூட்டுக்கு டார்க் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் வானத்தைப் பார்த்து எரியும் வெள்ளை எல்இடிக்கு என்ன இருக்கிறது? அதன் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுக் கழிக்கலாம். அது கொண்டுவந்த இரைச்சலைக் கழிக்க முடியாது. வானம் நாலு மடங்கு வெளுத்தால், அதே தரத்துக்கு நாலு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். மலைமேல் ஒரு மணி, ஊருக்குள் நாலு மணி. பழைய சோடியம் விளக்காவது பெரும்பாலும் ஒரே மஞ்சளில் நின்றது. ஃபில்டர் போட்டுத் தடுக்கலாம். வெள்ளை எல்லா நிறத்திலும் கலந்து வருகிறது.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அம்மா. ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும். தரையில் வேண்டும். விளக்கின் தலைக்கு மேலே ஒரு தகர மூடி, கொஞ்சம் மஞ்சளான பல்பு, கேட்பது இவ்வளவுதான். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வான் காப்பகமே அறிவித்தார்கள். நான் ஒரு மூடிக்காக ஒரு அலுவலகத்தில் இதுவரை ஒன்பது மனு கொடுத்திருக்கிறேன். அடி மேல் அடி!

மணி அடித்துவிட்டார்கள். பயஸையும் பச்சையையும் தலைமையாசிரியை அம்மா இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். தொலைநோக்கி மைதானத்தில் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் பாருங்கள், குழாயைத் தொடாமல். பத்தாவது மனு வாசல் மேஜையில் இருக்கிறது. போன கூட்டத்தில் பேனாக்கள் காணாமல் போனதால் இந்த முறை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.