கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயிலா?

நேயர்களுக்கு வணக்கம்.

மெக்கானிக் கடையில் வண்டியை விட்டு, "ஆயில் மாத்தணும்ணே" என்கிறோம். "எது போடட்டும்?" என்று கேட்டால், "நல்லதாப் பார்த்துப் போடுங்க" என்போம். இன்னும் சிலர், "வெயில் காலமாச்சே, கொஞ்சம் கெட்டியானதாப் போடுங்க" என்பார்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பல வருடம் பாடம் நடத்தியவன் நான். இந்தக் 'கெட்டி' என்ற சொல்லோடுதான் எனக்கு ரொம்ப நாள் வழக்கு.

ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். மேலே எஸ்.ஏ.இ. என்று இருக்கும். அது அமெரிக்க மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம். ஆயிலின் கெட்டித்தன்மைக்குக் கிரேடு வகுத்தவர்கள் அவர்கள்தான். கிணற்றடி ஆயில் இன்ஜினுக்கு '40 நம்பர் ஆயில்' என்று ஒரே எண்ணைச் சொல்லி வாங்கிய பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். இப்போது பைக்குக்கு வருவது மல்டி கிரேடு. அதனால்தான் இரண்டு எண்கள்.

முதல் எண் குளிருக்கு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் அசையாமல் நிற்கும் அல்லவா, இன்ஜின் ஆயிலும் குளிரில் அப்படித்தான் இறுகும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால், குளிரிலும் இளகி ஓடும். 10டபிள்யூவை மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கிறார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15-இல். 'அந்தக் குளிர் ஊட்டியில்கூட வராதே, நமக்கு எதற்கு?' என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் அடியில் வடிந்து கிடக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்பு அதை மேலே ஏற்றியாக வேண்டும். இளகிய ஆயில் சீக்கிரம் ஏறும். அதுவரை உள்ளே உரசல்தான்.

இரண்டாவது எண் சூட்டுக்கு. இங்கேதான் குழப்பம். 40 என்றால் 40 டிகிரி வெயிலுக்கு ஏற்றது என்று நினைக்கிறார்கள். வேலூர் வெயிலுக்கும் அந்த 40-க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கி, எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கிற எண் அது. 30 இளகல், 40 அதைவிடக் கெட்டி, 50 இன்னும் கெட்டி. இன்றைய இன்ஜின்களில் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மயிரிழைச் சந்துதான் உண்டு. அந்தச் சந்துக்குத் தக்கபடிதான் கம்பெனிக்காரன் கிரேடு சொல்கிறான். 10டபிள்யூ-30 கேட்கிற வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் ஆயில் ஏறத் தாமதமாகும். கெட்டி வேறு, தரம் வேறு. இன்னொரு தடவை சொல்கிறேன்: கெட்டி வேறு, தரம் வேறு.

கிரேடு சரியாக இருந்தாலும் ஆயில் தப்பாக இருக்கலாம். எங்கள் தெருத் தம்பி ஒருவர். அவருடைய மாமா புதுக் கார் வாங்கி, சர்வீஸில் மிஞ்சிய விலை உயர்ந்த சிந்தெட்டிக் ஆயில் ஒரு லிட்டரைக் கொடுத்தார். "காருக்கே ஊத்துற ஆயிலுண்ணே, பைக் பறக்கும்" என்று இவர் தன் 150 சி.சி. பைக்கில் ஊற்றிக்கொண்டார். டவுனுக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏற்காடு ஏறினார். சேலத்திலிருந்து போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறவில்லை, இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம்தான் வருகிறது. மனைவி இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் அடங்க நாளானது, அது வேறு கதை. பார்த்த ஒரு மெக்கானிக், "கிளட்ச் செட் போச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

என்னிடம் வந்ததும் முதலில் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். விஷயம் இதுதான். காரில் கிளட்ச் தனியாக, ஆயில் படாமல் இருக்கும். பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஊறுகின்றன. உராய்வைக் குறைத்து மைலேஜ் தருவதற்காகக் கார் ஆயிலில் சில ரசாயனம் சேர்ப்பார்கள். கிளட்சுக்கோ உராய்வுதான் பிழைப்பு, அது குறைந்தால் வழுக்கும், இன்ஜின் கத்தினாலும் வண்டி நகராது! இந்தத் தொல்லைக்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998-இல் ஜாஸோ என்ற பெயரில் பைக் ஆயிலுக்குத் தனித் தரம் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்கம் சின்னக் கட்டத்தில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் கியர் பைக்குக்கு. எம்.பி. என்று இருந்தால் பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு. அதில் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை. தம்பியின் வண்டிக்கு எம்.ஏ.2 ஆயில் மாற்றினோம். வழுக்கல் பாதி குறைந்தது. இன்னொரு தடவை மாற்றிய பிறகுதான் கிளட்ச் ஒழுங்காகப் பிடித்தது. ஓசியில் வந்த ஒரு லிட்டருக்காக இரண்டு லிட்டர் வாங்கினார்.

ஏ.பி.ஐ. என்று இன்னொரு குறி இருக்கும். அது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த தரக்குறி. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். எஸ்.என். 2010-இல் வந்தது, எஸ்.பி. 2020-இல். எஸ்-க்கு அடுத்த எழுத்து பின்னால் போகப் போகப் புதுசு. மேனுவலில் சொன்னதற்குக் குறையாமல் இருந்தால் போதும்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கரியைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வதும் அதன் வேலைதான். நிறத்தைப் பார்க்காதீர்கள், கிலோமீட்டரையும் மாதத்தையும் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: அதன் சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. ஆயில் எரிந்து விழும் சாம்பல் அதை அடைத்துவிடும். அதனால் சாம்பல் குறைவான ஆயில் என்று மேனுவலில் எதைக் குறிப்பிட்டிருக்கிறார்களோ அதையே கேட்டு வாங்குங்கள், பழைய டீசல் ஆயில் வேண்டாம். அப்புறம், காலியான டப்பாவை ஆணியால் ஒரு குத்துக் குத்திவிட்டு வாருங்கள். அதிலேயே போலி ஆயிலை நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வணக்கம்.