வேலூர் வெயிலில் தொட்டிப் பூக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரியில் மாடிச் செடி கருகினால் வேலூர்க்காரர்கள் வெயிலைத்தான் திட்டுவோம். பாதிப் பழி தொட்டிக்கும் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீருக்கும் சேர வேண்டியது. தரையில் நிற்கும் செடிக்கு வேர் குளுமையில் இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலோ பக்கம் சுட்டு, அதை ஒட்டி ஓடும் வேர் வெந்துபோகும். 12 அங்குல மண்தொட்டி வாங்குங்கள். தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்தால் சூடும் ஏறாது, அடித்துளையும் அடையாது.

தொட்டி மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. கூடவே ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவை ஊறவைத்து இரண்டு தடவை தண்ணீரை வடித்துவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். பச்சைச் சாணி மட்டும் வேண்டாம், வேர் அவிந்துவிடும்.

தண்ணீரைக் காலை ஏழு மணிக்குள் ஊற்றுங்கள். மதியம் மாடிக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர்!

இட்லிப்பூச் செடியில் நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மட்டும் மஞ்சளாகிறதா? தொட்டி விளிம்பில் வெள்ளை உப்பு பூத்திருக்கிறதா? உரம் போதவில்லை என்று மேலும் மேலும் போடாதீர்கள். உப்பான போர் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்புச்சத்தையே வேரால் எடுக்க முடியவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். மழை பெய்யும்போது ஒரு வாளி பிடித்துவைத்து, துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றினால் உப்பு கழுவிப்போகும்.

காகிதப்பூவுக்கு நம் ஊர் வெயில் விருந்து. அது பூக்காவிட்டால் நீங்கள் அதைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள். யூரியாவை நிறுத்தி, இலை லேசாகத் துவளும்வரை தண்ணீர் விடாமல் காயப்போடுங்கள். பத்துமணிப்பூவுக்கு அந்தப் பாடும் இல்லை. தண்டைக் கிள்ளி நட்டாலே போதும். நிழலில் வைத்தால் மட்டும் மொட்டு விரியாது.

செம்பருத்தியில் எறும்பு ஏறினால் நுனிக்கொழுந்தைப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் தெளியுங்கள். எண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கிய பிறகே தண்ணீரில் விட வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து, இலையைத்தான் பொசுக்கும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

வணக்கம்.