அமைச்சர் பதவி விலகினாரா, இல்லையா? ஸ்பானிஷின் ‘ஆப்ரீயா’ செய்யும் வேலை

(திரையில் ஒரு நாளிதழ்த் தலைப்பு: ‘எல் மினிஸ்த்ரோ ஆப்ரீயா திமிதீதோ’.)

வணக்கம். திரையில் தெரியும் தலைப்பில் ‘எல் மினிஸ்த்ரோ’ என்பது அமைச்சர். ‘திமிதீதோ’ பதவி விலகுவதைக் குறிக்கிறது. நடுவில் ‘ஆப்ரீயா’ என்றொரு சொல் நிற்கிறது. பாடப்புத்தகத்தை நம்பித் தமிழாக்கினால், ‘அமைச்சர் பதவி விலகியிருப்பார், ஆனால் ஏதோ ஒன்று தடுத்துவிட்டது’ என்றுதான் பொருள் வரும். செய்தியாளர் சொல்ல வந்ததோ ஏறக்குறைய அதற்கு நேரெதிரானது. விடையைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் ஊகத்தை இப்போதே கருத்துப் பகுதியில் எழுதிவிடுங்கள். விடையைக் கேட்டபின் திரும்பி வந்து திருத்துவது ஆட்டத்தில் சேராது.

இந்த வினைவடிவத்தை ஆக்கும் முறை சற்றுச் சலிப்பூட்டுவது, ஆகவே ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். நான் என்றால் ஆப்ரீயா, நீ என்றால் ஆப்ரீயாஸ், அவர் என்றால் மறுபடியும் ஆப்ரீயா, நாம் என்றால் ஆப்ரீயாமோஸ், ஸ்பெயினில் நண்பர்கள் பலரை ஒருசேர விளிக்கும்போது ஆப்ரீயாயிஸ், அவர்கள் என்றால் ஆப்ரீயான். இதற்குப் பின்னால் முதன்மை வினையின் எச்சம் வரும்: பேசுதலாகிய ‘ஆப்லார்’ ‘ஆப்லாதோ’ ஆகும், உண்ணுதலாகிய ‘கோமேர்’ ‘கோமீதோ’ ஆகும். ஏச்சோ, தீச்சோ, எஸ்கிரீத்தோ, ரோத்தோ என்று விதிக்கு அடங்காத சில எச்சங்கள் உண்டு. செய்து, சொல்லி, எழுதி, உடைத்து என்று அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ‘ஆப்ரீயா ஈதோ’ என்பதைத் தமிழில் ‘போயிருப்பேன்’ என்கிறோம். ‘போய்’ என்ற எச்சம் ஆள் மாறினாலும் மாறுவதில்லை. பேன், பாய், பார் என்று மாறுவதெல்லாம் ‘இரு’ என்ற துணைவினையின் வால்தான். ஸ்பானிஷிலும் ‘ஈதோ’ அசையாமல் நிற்க, துணைவினையே ஆளுக்கேற்ப உருமாறுகிறது. அவர்கள் துணைவினையை முன்னே வைக்கிறார்கள், நாம் பின்னே வைக்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

அந்தத் துணைவினையின் மூலவடிவம் ‘ஆபேர்’. உடைமையைக் குறித்த லத்தீன் வினையிலிருந்து வந்த அச்சொல், அந்தப் பொருளைத் ‘தெனேர்’ என்ற வினையிடம் இழந்துவிட்டு, இன்று பெரும்பாலும் பிற வினைகளுக்குத் துணைபோகிறது. ‘பாடுவேன்’ என்று நிபந்தனையோடு சொல்ல உதவும் ‘காந்தாரீயா’, ‘காந்தார்’ என்ற வினைப்பெயரோடு ‘ஆபேர்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘ஆபீயா’ ஒட்டித் தேய்ந்ததால் பிறந்தது. அப்படியானால் ‘ஆப்ரீயா’ என்ன? ‘ஆபேர்’ மீது அதே ‘ஆபேர்’ ஏறி உட்கார்ந்திருக்கிறது! ஒரு வினை தன்னையே துணைக்கு அழைத்துக்கொள்வது விந்தையாகத் தோன்றினால், ‘அன்று வீட்டில் இருந்திருப்பேன்’ என்ற நம் தொடரைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே ‘இரு’ இருமுறை வருவதை நாம் ஒருநாளும் விந்தையாக எண்ணியதில்லை.

ஒட்டு இறுகுவதற்கு முந்தைய நிலையை எல் சித் பற்றிய இடைக்காலக் காவியத்தில் நேரடியாகவே பார்க்கலாம். அரசன் ஆறாம் அல்ஃபோன்சோவின் சினத்துக்கு ஆளான வீரன் பூர்கோஸ் நகருக்குள் நுழைகிறான். அவனுக்கு இடம் கொடுப்பவர் உடைமையோடு கண்களையும் இழப்பர் என்பது அரசாணை. ஊர்மக்களின் மனநிலையைக் கவிஞர் ‘கோன்பிதார் லே ஈயென் தே கிராதோ’ என்கிறார். மனமுவந்து விருந்துக்கு அழைத்திருப்பார்கள், ஆனால் ஒருவருக்கும் துணிவில்லை. இன்று ஒரே சொல்லாக இறுகிவிட்ட ‘கோன்பிதாரீயான்’ அங்கே ‘கோன்பிதார்’ என்றும் ‘ஈயென்’ என்றும் பிளந்து நிற்க, ‘அவனை’ என்று பொருள்படும் ‘லே’ நடுவில் புகுந்திருக்கிறது. ‘போய்த்தான் இருப்பேன்’ என்று வினைக்கும் துணைவினைக்கும் இடையில் ‘தான்’ செருகுகிற நமக்கு இது உறவினர் வீட்டுக்குள் நுழைந்தது போன்ற உணர்வைத் தருகிறது. இன்றைய ஸ்பானிஷ் அந்தக் கதவைச் சாத்திவிட்டது; போர்ச்சுக்கீசியம் மட்டும் தன் உயர்நடையில் இன்னும் திறந்து வைத்திருக்கிறது.

பூர்கோஸை விட்டு நகர மனமில்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘நீ கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்’ என்பது ஸ்பானிஷில் ‘சி மே ஊபியேராஸ் யாமாதோ, ஆப்ரீயா ஈதோ’ என்று வரும். ‘இருந்தால்’ வருமிடத்தில் ஊபியேரா, ‘இருப்பேன்’ வருமிடத்தில் ஆப்ரீயா என்று நினைவில் வைத்துக்கொண்டால் நீங்கள் தவறவே மாட்டீர்கள். ஆனால் பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோஹா, பூர்கோஸ் ஆகிய வடபகுதிகளில் பலர் ‘சி’க்குப் பின்னும் ஆப்ரீயாவையே போட்டுப் பேசுகிறார்கள், இலக்கண ஆசிரியர்கள் அதைத் தரவழக்காக ஏற்பதில்லை. எதிர்த்திசையில், முடிவுப் பகுதியில் ஆப்ரீயாவுக்குப் பதிலாக ஊபியேரா போடுவதை மட்டும் ஸ்பானிஷ் அகாதெமி தாராளமாக அனுமதிக்கிறது. விதியின் நீதி இப்படி ஒருபக்கம் சாய்வது எனக்கு உடன்பாடில்லை என்றாலும் தேர்வில் அதையே எழுதுங்கள்.

‘திங்கட்கிழமைக்குள் முடித்திருப்பதாகச் சொன்னான்’ என்பது போன்ற தொடர்களிலும் இதே வடிவம் வரும். வெனிசுவேலாவில் பிறந்த அந்த்ரேஸ் பெய்யோ, 1847ஆம் ஆண்டு சிலியில் வெளியிட்ட இலக்கணத்தில், இந்தப் பயன்பாட்டை மனத்தில் கொண்டுதான் இதற்கு ‘இறந்தகாலத்துக்குப் பின்னதற்கு முன்னது’ என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார். ஒருமுறை மூச்சுவிடாமல் சொல்லிப் பாருங்கள்.

இனி அமைச்சரிடம் வருவோம். அந்தத் தலைப்பின் பொருள், ‘அமைச்சர் பதவி விலகிவிட்டதாகக் கூறப்படுகிறது’ என்பதே. இலக்கணிகள் இதை வதந்தி நிபந்தனை என்கிறார்கள். பிரெஞ்சு நடையின் தாக்கம் என்று பலகாலம் கண்டித்தும் வந்திருக்கிறார்கள். மாட்ரித்தின் ‘எல் பயீஸ்’ நாளிதழ் தன் நடைக் கையேட்டில் இதற்குத் தடையே விதித்திருக்கிறது. லத்தீன் அமெரிக்க இதழ்களிலோ இது அன்றாடம் காணக்கிடைக்கும்.

தமிழர்கள் வழுக்கும் இடமும் இதுதான். ‘இந்நேரம் விலகியிருப்பார்’ என்று நாம் ஊகிக்கும்போதும் அதே ‘இருப்பார்’தான் வருகிறது. அந்த ஊகம் பேசுபவருடையது என்றால் ஸ்பானிஷில் ‘ஆப்ரா திமிதீதோ’ என்று எதிர்கால வடிவம் வேண்டும். ஊர் பேசுவதைத் தான் எடுத்துரைப்பதாகக் காட்டவே ‘ஆப்ரீயா’. செய்தியாளர் உறுதியாக நின்று ‘ஆ திமிதீதோ’ என்று எழுதியிருந்து, மறுநாள் காலை அமைச்சர் வழக்கம்போல் அலுவலகத்துக்கு வந்துவிட்டால், இதழ் திருத்தம் வெளியிட வேண்டியிருக்கும். ‘ஆப்ரீயா’ என்று எழுதியவரோ நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம்.