மீதி 16 மணி நேரம்

வணக்கம், நேயர்களே.

உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் குழந்தை வகுப்பறையில் இருப்பது ஏழெட்டு மணி நேரம். மீதி 16 மணி நேரமும் விடுதியில்தான். குளிப்பது, சாப்பிடுவது, சண்டை போடுவது, வீட்டை நினைத்து அழுவது, தூங்குவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. ஆசிரியருக்குப் பயிற்சி உண்டு, பாடத்திட்டம் உண்டு. விடுதிப் பொறுப்பாளர் கையிலோ பெரும்பாலும் ஒரு சாவிக்கொத்தையும் வருகைப் பதிவேட்டையும் கொடுத்து வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்கள் தங்கும் விடுதிக்கு அந்த இரண்டும் போதாது. வேறு என்ன வேண்டும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

விளக்கணைக்கும் நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒன்பதரை மணிக்கு எல்லோரும் படுத்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி. வெளிச்சமே தெரியாத, முழுமையாகப் பார்வையற்ற ஒரு மாணவன் இரவு இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கிறான். பகலில் வகுப்பில் தூங்கி வழிகிறான். அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கிவிடுகிறான். நம் உடலின் உட்கடிகாரம் சரியாக 24 மணி நேரத்துக்கு ஓடுவதில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். கண்ணில் விழும் வெளிச்சம்தான் அதைத் தினமும் திருத்துகிறது. வெளிச்சம் எட்டாத கண்கள் உள்ளவர்களில் பலருக்கு அந்தத் திருத்தம் கிடைப்பதில்லை. தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், சில வாரங்களில் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் இரவுக்கே வந்து சேரும். அவன் தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவந்தாலே இது கண்ணுக்குத் தெரியும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். கண்டித்து எந்தப் பயனும் இல்லை.

அதே விளக்கு, காது கேளாத பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. நடு வாக்கியத்தில் விளக்கை அணைப்பது, பேசுகிறவன் வாயைப் பொத்துவதற்குச் சமம். இரண்டு முறை விளக்கை அணைத்துப் போட்டு, ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று தெரிவித்துவிட்டு அணைத்தால் போதும். காதுக்கருவியைக் கழற்றி வைத்த பிறகு அந்தக் குழந்தைக்குச் சத்தமும் இல்லை, இருட்டில் சைகையும் இல்லை. பயந்தாலோ வயிறு வலித்தாலோ எப்படிக் கூப்பிடும்? கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச், நடைபாதையில் மங்கலான விளக்கு, அழைப்பு மணி அழுத்தினால் பொறுப்பாளர் அறையில் ஒளிரும் ஒரு பல்பு. பெரிய செலவு எதுவும் இல்லை.

இங்கே ஒரு வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய செவித்திறன் குறைந்தோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பல நாடுகளில் வகுப்பறையில் கையை அசைத்தாலே தண்டனை என்ற நிலை வந்தது. ஆனால் விடுதியில், ஆசிரியர் கண்ணில் படாத நேரத்தில், பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகள் சைகை மொழியைக் கற்றுக்கொண்டே இருந்தார்கள். அந்த மொழிகள் அழியாமல் நின்றதில் விடுதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-இல் வான்கூவரில் நடந்த அதே மாநாட்டுத் தொடரின் கூட்டம்தான் மிலான் தீர்மானங்களை நிராகரித்தது. 130 ஆண்டுகள் ஆயின. சைகை மொழி தெரியாத ஒருவரை அப்படிப்பட்ட விடுதிக்குப் பொறுப்பாக வைத்தால், அவரால் தலைகளை எண்ண முடியும், அவ்வளவுதான்.

வலிப்பு பற்றிச் சுருக்கமாக. இரவில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். இடித்துக்கொள்ளும் பொருள்களை நகர்த்திவிட்டு, முடிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்த வலிப்பு வந்தாலோ ஆம்புலன்ஸ். வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலே சிலருக்கு வலிப்பு வரும். ஆகவே யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்று கையெழுத்துப் போடும் பழக்கத்தை அலுவலகச் சடங்காக நினைக்க வேண்டாம்.

தண்டுவடப் பாதிப்பால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாத பிள்ளைகளின் கதை வேறு. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நமக்கு வலிக்கும், நகர்ந்து உட்காருவோம். அவர்களுக்கு வலிக்காது. சுருங்கிய படுக்கை விரிப்பு, கழற்ற மறந்த பெல்ட், இறுக்கமான ஷூ எதுவும் புண்ணாகலாம். அது ஆற மாதக்கணக்கில் ஆகலாம், படிப்பும் அதோடு போகும். தானாகப் புரள முடியாத பிள்ளையை இரவில் மருத்துவர் சொன்ன இடைவெளியில் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியைக் கொடுத்து, தன் தோலைத் தானே தினமும் பார்த்துக்கொள்ளப் பழக்குவது. எங்காவது சிவந்து, அந்தச் சிவப்பு மறையாமல் இருந்தால் வந்து சொல்ல வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். தன் உடம்புக்குத் தானே காவல் இருக்கக் கற்ற பிள்ளை, விடுதியை விட்டுப் போன பிறகும் பிழைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் விடுதிகளுடன் எனக்குச் சண்டை. காலையில் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் நாற்பது பிள்ளைகளைத் தயார் செய்தாக வேண்டும். அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு பையன் சட்டை போட இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறான். ஆயா இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுகிறார். நல்ல மனசுதான். ஆனால் பத்து வருடம் கழித்தும் அவனுக்குச் சட்டை போட யாராவது வேண்டியிருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு: கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பது. எல்லாப் பொத்தானையும் நீங்கள் போடுங்கள், கடைசிப் பொத்தானை அவன் போடட்டும். அது கைவந்ததும் கடைசி இரண்டு. வேலையை முடித்தவன் அவன்தான் என்ற பெருமை ஒவ்வொரு நாளும் அவனுக்குக் கிடைக்கும். அதற்குத் தினமும் சில நிமிடங்கள் கூடுதலாகப் போகும். அந்த நிமிடங்களை நேர அட்டவணையில் ஒதுக்காத விடுதி, சுயசார்பைச் சுவரில் எழுதி வைத்து என்ன பயன்?

பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய்யச் சொல்வது எங்கும் நடக்கிறது. சக்கர நாற்காலியைத் தள்ளுவது, பாதை காட்டுவது எல்லாம் நட்பில் சேரும். தினமும் ஒரே மாணவி இன்னொருத்தியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறாள், அதனால் தன் வீட்டுப்பாடத்தை விடுகிறாள் என்றால் அது சம்பளமில்லாத வேலை. உதவி பெறுகிறவளுக்கும் அதில் ஒரு கூச்சம், ஒரு கடன்பட்ட உணர்வு.

அடுத்தது சொல்லக் கஷ்டமானது. 2012-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைப் போல் 3.7 மடங்கு என்று கணக்கிட்டது. குளிப்பாட்ட, உடை மாற்ற, கழுவிவிடப் பிறர் கை படுகிற உடம்பு அது. எந்தத் தொடுதல் சரி, எது தவறு என்று அந்தக் குழந்தை எப்படிப் பிரித்தறியும்? ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் சொல்லுங்கள்: இப்போது காலைத் தூக்கப்போகிறேன், சரியா? பதிலுக்கு நில்லுங்கள். கேட்டுத் தொடுவது வழக்கமாகிவிட்டால், கேட்காமல் தொடுகிறவர் தனியாகத் தெரிவார்.

பேச்சு வராத குழந்தைகளுக்குப் படப் பலகை தருகிறோம். தண்ணீர், சாப்பாடு, பந்து, கழிப்பறை எல்லாம் அதில் இருக்கும். உடல் உறுப்புகள் இருக்கின்றனவா? ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘வலிக்குது’, ‘இவர் எனக்குப் பிடிக்கவில்லை’ இருக்கின்றனவா? படமே இல்லாத விஷயத்தைக் குழந்தை புகார் செய்ய முடியாது. புகாரைக் கேட்கும் ஆள் விடுதியின் சம்பளத்தில் இல்லாதவராக இருப்பது நல்லது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, இத்தகைய இடங்களைச் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. வெளியாள் வருவதை அவமானமாக நினைக்கும் நிர்வாகத்தைப் பார்த்தால் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

தீ விபத்துக்கு எல்லோருக்கும் ஒரே திட்டம் ஒத்துவராது. யாரை யார் தூக்குவது, யாருக்கு மணி கேட்காது, சைரன் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிகிற ஆட்டிசப் பிள்ளை யார் என்று பெயர் வாரியாகத் தாள் வேண்டும். ஒத்திகையைப் பகல் பதினொரு மணிக்கு நடத்திப் புகைப்படம் எடுப்பதால் பயனில்லை. இரண்டே பணியாளர்கள் இருக்கும் இரவு நேரத்தில் நடத்திப் பாருங்கள். நடக்க முடியாத பிள்ளைகளை ஏன் தரைத்தளத்தில் வைக்க வேண்டும் என்று ஒரே முறையில் விளங்கும்.

இந்த உரையைக் கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, அவன் இப்போது தானாகச் செய்யும் வேலைகளின் பட்டியல் ஒன்றை விடுதியிலிருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தட்டைக் கழுவுகிறான், படுக்கையை மடிக்கிறான், கடைசி மூன்று பொத்தான்களைப் போடுகிறான் என்று அதில் இருக்கும். விடுமுறை முடிந்து அனுப்பும்போது, வீட்டில் நீங்கள் கவனித்ததை அதன் பின்பக்கம் எழுதி, அவன் பையிலேயே வைத்து அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.